உள்தாழ்ப்பாள்

மகன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய முதியோர் இல்லங்களில் எல்லாம் அவர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். டாக்டர் தினமும் வருவாரா, சாப்பாடு எப்படி, லிஃப்ட் உண்டா என்று மகன் விசாரித்துக்கொண்டிருப்பான். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அறைக்கதவைச் சாத்தி, அதன் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். தாழ்ப்பாள் இல்லையென்றால், "இங்க வேண்டாம்ப்பா, வேற பாக்கலாம்" என்று திரும்பிவிடுவார். கடைசியாகப் பார்த்தது ஒரு பழைய கட்டடம். சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. ஆனால் கதவுக்கு உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. போட்டுப் பார்த்தார். முரண்டு பிடிக்காமல் குழியில் போய் விழுந்தது.

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

இதைவிட வெளிச்சமான இடங்களையெல்லாம் வேண்டாமென்று சொன்ன அம்மா இந்த இடத்துக்கு ஏன் தலையாட்டுகிறாள் என்று மகனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. டயர் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அம்மாவோடு அலைந்துகொண்டிருந்தவன், அலைச்சல் முடிந்ததே போதும் என்று பெட்டியை இறக்கி வைத்தான்.

அவர் பிறந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. அப்பா, அம்மா, அத்தை, அக்கா தங்கைகள் எல்லோரும் அதில்தான் வரிசையாகப் படுப்பார்கள். பெரிய பெண்ணான பிறகு உடை மாற்றியதெல்லாம் போர்வைக்குள்தான். கல்யாணமாகிப் போன வீட்டிலும் ஓர் அறைதான். நடுவில் ஒரு திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் மாமியார். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றால்கூட மாமியார் இருமும் நேரம் பார்த்துப் பேச வேண்டும். "எங்க மாமியாருக்கு இருமல் மட்டும் வராம இருந்திருந்தா என் புள்ளையே பொறந்திருக்க மாட்டான்" என்று பின்னாளில் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலை பார்த்தது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். அங்கே பெண்களுக்கான கழிப்பறைக் கதவுகள் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டவை. வெளியே சூப்பர்வைசர் நின்றுகொண்டு, உள்ளே போனவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்ப்பார். இவரை ஒரு தையல் வரிசைக்குத் தலைவியாகப் போட்டார்கள். அந்த வாரமே அவர் சூப்பர்வைசரிடம் போய், "சார், நீங்க அங்க நிக்க வேண்டாம். மெஷின் எங்கயும் ஓடிடாது, பொண்ணுங்களும் ஓடிட மாட்டாங்க. துணி கம்மியாச்சுன்னா என்னக் கேளுங்க" என்றார். சூப்பர்வைசர் முறைத்தார். ஆனால் துணி குறையவில்லை. அதனால் அவர் நிற்பதும் மெல்ல நின்றுபோனது. அன்றிலிருந்து அந்த வரிசைப் பெண்களுக்கு இவர் 'லீடர்'. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் பார்த்தால் "லீடர், நல்லாயிருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

புருஷன் போய், மகன் தனிக்குடித்தனம் போன பிறகுதான் அவருக்கென்று ஒரு வீடு வாய்த்தது. மூன்றாவது மாடியில், நெருப்புப் பெட்டி அளவில். தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறாள் பாவம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். லீடர் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாழ்க்கையில் அவர் அனுபவித்த ஒரே ஆடம்பரம் அதுதான். அதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று சொன்னதில்லை.

அதே வீட்டுக் குளியலறையில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறுவது முடியாத காரியமானது. மகன் வீட்டில் அவனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். "ஹோம் பாருப்பா" என்று அவரேதான் சொன்னார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதுக்குப் போய் ஏன்டா அழுற? நானா சொல்றேன், யாரும் என்னத் தள்ளல" என்றார்.

இல்லத்துக்கு வந்த முதல் நாள் காலையிலேயே தகராறு ஆரம்பித்தது. சாத்திய கதவே போதுமென்று நம்பி அவர் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள் ஆயா. ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, நல்ல மனசு, உரத்த குரல். பின்னால் கதவு விரியத் திறந்து கிடந்தது. தாழ்வாரத்தில் யாரோ நடந்து போனார்கள்.

"பாட்டி, பாத்ரூம் போனீங்களா? வயிறு சரியா போச்சா?" என்றாள் ஆயா, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி.

லீடர் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "நான் உனக்குப் பாட்டி இல்லம்மா. வெளிய போய்க் கதவச் சாத்து. அப்புறம் தட்டு. வான்னு சொன்னா வா."

"எங்கிட்ட என்ன வெக்கம்? நான் பாக்காததா?"

"நீ எத்தனையோ பாத்திருப்பே. என்னப் பாக்கல. பாக்கவும் வேண்டாம்."

ஆயா சிரித்தாள். கோபித்துக்கொண்டாள். பிறகு வெளியே போய்த் தட்டினாள். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி தள்ளினாள். கதவு தாழிட்டிருந்தது. இப்படியே சில வாரம் இழுபறியாக ஓடியது. வேலை அதிகம், ஆள் குறைவு. ஒவ்வொரு கதவாகத் தட்டி நின்றால் பொழுது போதாது என்பது ஆயாவின் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் லீடரின் கதவை மட்டும் தட்டுவதென்று அவள் பழகிக்கொண்டாள். "வரலாமா லீடர்?" என்பாள், பாதி கிண்டலாக. பார்க்க வந்த பழைய தையல் வரிசைப் பெண்கள் கூப்பிட்டதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட பெயர் அது. மற்ற அறைகளில் பழையபடி தள்ளிக்கொண்டுதான் போனாள். அங்கே இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்து அலுத்தவர்களாக இருக்கலாம், சொல்லலாம் என்பதே மறந்துபோனவர்களாகவும் இருக்கலாம்.

கேப்டன் வந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். பட்டாளத்துக்காரர் அல்ல. பெரிய ஹோட்டல்களில் பரிமாறுபவர்களுக்கு மேலே இருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆயுள் முழுக்க அந்த வேலைதான் பார்த்தவர். உயரமான மனிதர், கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை, சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே மேசைகளை ஒரு பார்வை பார்ப்பார். எந்த டம்ளர் கோணலாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "லீடரும் வந்தாச்சு, கேப்டனும் வந்தாச்சு. இனி படைதான் பாக்கி" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. கேப்டனும் மரியாதைக்குச் சிரித்தார்.

அவருக்கு நடுக்க நோய். நடையில் அவ்வளவாகத் தெரியாது, கைகளில்தான் குடியிருந்தது. முதல் நாள் சூப் வைத்தார்கள். ஸ்பூனை எடுத்தார். தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அது கிடுகிடுவென்று ஆடி, சூப் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர், கெட்ட எண்ணத்தில் அல்ல, சும்மா பொழுதுபோகாமல், "கேப்டன், டான்ஸ் ஆடுது உங்க ஸ்பூனு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆயா ஓடிவந்து, குழந்தைக்குக் கட்டுவதுபோல் ஒரு துண்டை அவர் கழுத்தில் கட்டி, ஸ்பூனைப் பிடுங்கி, "ஆ காட்டுங்க" என்றாள்.

கேப்டன் வாயைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார். லீடர் பக்கத்து மேசையிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காமலிருக்க வேண்டுமென்று தன் தட்டைப் பார்த்தார்.

அதற்கப்புறம் கேப்டனுக்குப் பசியில்லாமல் போனது. காலையில் பசியில்லை, மதியம் பசியில்லை. கூடத்துக்கு வருவார், உட்காருவார், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போவார். சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. தைத்தவர் கண்ணுக்கு அது தப்புமா? ஒரு மதியம், எல்லோரும் எழுந்துபோன பிறகு லீடர் அவர் மேசைக்குப் போனார்.

"பசியில்லன்னு யாருகிட்ட சொல்றீங்க?" என்றார்.

கேப்டன் தள்ளிவைத்த தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"என் ரூம்ல உள்தாழ்ப்பாள் இருக்கு. ஜன்னல் பக்கமா ஒரு நாற்காலி இருக்கு. நான் அதுல உக்காந்து வெளிய பாத்துட்டு இருப்பேன். நீங்க என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிடுங்க. கொட்டினாலும் சிந்தினாலும் எனக்குத் தெரியப்போறதில்ல."

கேப்டன் நிமிர்ந்து கேட்டார், "திரும்பிப் பாக்க மாட்டீங்களே?"

"பாக்க மாட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது. என் பொண்ணுகிட்டகூட."

"உங்க பொண்ண எனக்குத் தெரியவே தெரியாதே. சொல்ல மாட்டேன், வாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. தங்கள் தட்டை அறைக்கு எடுத்துப்போக இல்லத்தில் தடையில்லை. இரண்டு தட்டுகளையும் தள்ளுவண்டியில் வைத்து லீடர் உருட்டிக்கொண்டு போவார். கேப்டன் பின்னால் வருவார். கதவு சாத்தப்படும். தாழ்ப்பாள் விழும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில், மதிலுக்கு அப்பால் பேருந்து நிறுத்தம். லீடர் அங்கே நிற்பவர்களைப் பார்த்தபடி சாப்பிடுவார். பின்னால் ஸ்பூன் தட்டில் மோதும் சத்தம் கேட்கும், டம்ளர் தட்டுப்படும், சில நேரம் எல்லாம் நின்றுபோய் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும். கேப்டன் ஸ்பூனை விட்டுவிட்டுக் கையால் அள்ளிச் சாப்பிடுகிறாரா, குனிந்து தட்டில் வாய் வைக்கிறாரா, லீடருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை. "ஆச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்புவார். அதற்குள் கேப்டன் முகத்தைத் துடைத்து, மேசையைத் துடைத்து, கொட்டியதைத் துணியில் வாரி, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

சாப்பிட்ட பிறகு பேச்சு. ஹோட்டல் கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. "ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளையோட அப்பா கை தவறி, குழம்ப அப்படியே மேசை விரிப்புல கொட்டிட்டாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் எதிர்ல. மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? கூடத்துக்கு அந்தக் கோடியில நின்னு ஒரு தட்டு நெறைய டம்ளர தடால்னு கீழ போட்டேன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அதுக்குள்ள என் பையனுங்க விரிப்ப மாத்திட்டாங்க."

"உங்களுக்குத் திட்டு கிடைச்சுதா?"

"செமத்தியா. அந்த மாப்பிள்ளையோட அப்பா மட்டும் போகும்போது என் கையப் பிடிச்சு அழுத்திட்டுப் போனாரு. ஒரு வார்த்த பேசல."

கேப்டனின் கன்னம் மறுபடி மெல்ல நிரம்பியது.

கதவு சாத்தியிருந்ததை மற்றவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கிசுகிசுப்பானது. தன்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதை லீடர் கண்டுகொண்டார், சட்டை செய்யவில்லை. ஆயாவுக்குத்தான் தாங்கவில்லை. அவள் கெட்டவள் அல்ல. இந்த வயதில் இவர்கள் பெயர் கெடுகிறதே என்று நிஜமாகவே மருகினாள். மருகியதை இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனிடம் போய்ச் சொன்னாள்.

மேட்ரன் லீடரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். ஒல்லியான பெண்மணி, எப்போதும் களைத்த கண்கள்.

"உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சாப்பிடுறோம்."

"சாப்பிடுறதுக்கு எதுக்கும்மா கதவப் பூட்டணும்?"

லீடர் வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் அவருடையது அல்ல. வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்லலன்னா நான் என்னன்னு நினைக்கிறது?"

"எதையும் நினைக்க வேண்டாம் மேடம். நாங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க இல்ல. என் ரூம், என் கதவு."

மேட்ரன் நாற்காலியில் சாய்ந்தார். குரல் தணிந்தது. "உங்களுக்கு முன்னாடி, தாழ்வாரத்துக்கு அந்தக் கோடி ரூம்ல ஒருத்தர் இருந்தாரு. தாழ்ப்பாள் போட்டுட்டுக் குளிக்கப் போனவரு விழுந்துட்டாரு. ஆளக் கூப்பிட்டுக் கதவ உடைக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உடைச்ச கதவு வழியா முதல்ல உள்ள போனது நான்தான். மறுபடி ஒரு தடவ அப்படிப் போறதுக்கு என்னால முடியாதும்மா. தாழ்ப்பாள் எல்லாத்தையும் எடுத்துடணும்னு அப்பவே நினைச்சேன். தள்ளிப்போட்டதுதான் தப்பு."

 லீடரும் குளியலறைத் தரையில் கிடந்தவர்தான். "விழுந்தா விழுறேன் மேடம்" என்றார். "அது என் பாடு."

"உங்க பாடு இல்ல. உங்க பையன் வந்து என்னத்தான் கேப்பாரு."

மகன் அந்த வாரமே வந்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, டயர் மை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேட்ரன் போனில் என்ன சொன்னார் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"அம்மா, நான் கேக்கக்கூடாதுதான்."

"அப்ப கேக்காத."

"அந்தாளு யாரும்மா?"

"இங்க இருக்கறவரு. நல்ல மனுஷன்."

"கதவச் சாத்திட்டு... எனக்கு வெளிய தல காட்ட முடியலம்மா. அவகிட்ட என்னன்னு சொல்றது?" மருமகளைச் சொன்னான்.

"உன் பொண்டாட்டி கேட்டாளா?"

அவன் தயங்கினான். "கேக்கல. அத்தைக்கு ஒரு பேச்சுத்துணை கிடைச்சா உங்களுக்கு என்னன்னு என்னத்தான் திட்டுனா."

"அவளுக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையே."

"விளையாடாதம்மா. அப்பா இருந்திருந்தா..."

"உங்கப்பா இருந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்." லீடர் மகனின் கையைப் பிடித்தார். "நீ நினைக்கறது இல்லடா. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. என்ன நம்ப முடிஞ்சா நம்பு."

அவன் நம்ப முயன்றான். முடியவில்லை போலும். அலுவலக அறைக்குப் போனான். பாதுகாப்புக்காகத் தாழ்ப்பாளை எடுப்பதில் குடும்பத்துக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் விடைபெறாமல் போனான். லீடருக்குச் சம்மதமா என்று மேட்ரனும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை.

தச்சர் ஒரு காலையில் பெட்டியோடு வந்து நின்றார். அவர் ஒருவர்தான் கதவைத் தட்டி, "எடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா. எடுக்கட்டுமா?" என்று கேட்டவர்.

"வேண்டாம்னா எடுக்காம போயிடுவீங்களா?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "போயிட்டா நாளைக்கு வேற ஆள அனுப்புவாங்க."

"அப்ப எடுங்க."

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் கிரீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வர்ணம் பூசாத மரம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே இருந்த திருகாணித் துளைகளைப் புட்டிக் கலவையால் அடைத்துவிட்டுத் தச்சர் போனார்.

அதே நாளில் கேப்டனை மாடிக்கு மாற்றினார்கள். தாங்களாகச் சாப்பிட முடியாதவர்களுக்கான பிரிவு அது; முதல் நாள் ஆயா ஊட்டிவிட்டதைக் காரணம் சொன்னார்கள். வரிசையாகக் கட்டில்கள், நடுவில் திரைகூடக் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் கேப்டனின் மகளிடம் போனில் கேட்டார்களாம். எது நல்லதோ செய்யுங்கள் என்று அவள் சொன்னாளாம்.

மாடியில் என்ன நடக்கிறது என்பது ஆயாவின் வழியாகத்தான் கீழே வந்தது. கேப்டன் வாயைத் திறப்பதில்லை. ஸ்பூன் உதட்டில் பட்டால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். டாக்டர் வந்தார், திட்டினார், கெஞ்சினார். கடைசியில் மூக்கு வழியாக டியூப் போட்டுவிட்டார்கள். அதைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டு, கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

"கட்டிட்டாங்களா?" என்றார் லீடர்.

"துணியாலதான். வலிக்காது" என்றாள் ஆயா.

லீடர் அவரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார். சொந்தக்காரர்கள் மட்டும்தான் போகலாம் என்றார் மேட்ரன். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அந்தக் கேள்வி அறையில் நின்றது.

ஆயாவுக்கு என்ன தோன்றியதோ, ஒரு மதியம் வந்து தட்டினாள். "மேட்ரன் வெளிய போயிருக்காங்க. வாங்க லீடர், சீக்கிரம்" என்று லிஃப்டில் கூட்டிக்கொண்டு போனாள்.

கேப்டன் சுருங்கிப்போயிருந்தார். கழுத்துப் பொத்தான் போட்ட சட்டை இல்லை. முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் இல்லத்து அங்கி. மூக்கில் டியூப், கன்னத்தில் பிளாஸ்திரி. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார்கள். லீடர் குனிந்து காதருகே பேசினார்.

"கேப்டன், நான் சொல்லிடட்டுமா? மேட்ரன்கிட்ட மட்டும். சொன்னா உங்கள கீழ விட்டுடுவாங்க. நாம பழையபடி சாப்பிடலாம்."

கேப்டன் மேலே பார்த்தபடியே பேசினார். டியூப் இருந்ததால் குரல் கரகரத்தது. "சொன்னா ஆளுக்காளு பேசுவாங்க. கேப்டனால கொட்டாம சாப்பிட முடியல, அதான் ஒளிஞ்சு சாப்பிட்டாராம்னு."

"பேசினா பேசட்டுமே. இப்ப மட்டும் என்ன, நம்மளப் பத்தி நல்லதா பேசுறாங்க?"

அவர் உதட்டோரம் லேசாக இழுபட்டது. சிரிப்பாக இருக்கலாம். "அதப் பேசட்டும். அது கௌரவமா இருக்கு. இது வேண்டாம் லீடர்."

"உயிர் போயிடும் கேப்டன்."

"வேண்டாம்."

லீடர் நிமிர்ந்தார். கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "இத அவுக்கட்டுமா?"

கேப்டன் தலையசைத்தார். லீடர் ஒரு கையின் முடிச்சை அவிழ்த்தார். விடுபட்ட கை போர்வையின்மேல் பதறிப் பதறி ஆடியது, கூண்டைத் திறந்தும் வெளியே போகத் தெரியாத பறவையாக.

"பாக்காதீங்க" என்றார் கேப்டன்.

லீடர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மாடியிலிருந்து பார்க்கும்போது பேருந்து நிறுத்தம் முழுதாகத் தெரிந்தது. பின்னால் கை போர்வையில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, "மேட்ரன் வந்துடுவாங்க" என்று ஆயா அவசரமாக வந்து முடிச்சைத் திரும்பப் போட்டாள். போடும்போது அவளும் கேப்டனின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் லீடர் அலுவலக அறை வாசல்வரை போனதும் உண்டு. உள்ளே போகக் கால் எழும், சொல்லிவிடத் தோன்றும். ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு வாக்கை மீறினால் என்ன என்று மனசு வாதாடும். ஆனால் அந்த மனிதர் தன் புத்தி தெளிவாக இருக்கும்போது, கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் அவருக்கு நல்லது செய்தவர்கள் ஏற்கெனவே அந்தக் கட்டடம் முழுக்க இருந்தார்கள். லீடர் திரும்பி நடந்தார். அது சரியா தப்பா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேப்டன் இறந்துபோனதை யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய உறவு இல்லையே. படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே ஆயா பேச்சுவாக்கில், "மாடியில ஒரு கட்டில் காலி" என்றாள். எந்தக் கட்டில் என்று லீடர் கேட்கவில்லை. ஆயா தலையணை உறையைப் போட்டு முடித்து, போகாமல் நின்றாள். "நான் மேட்ரன்கிட்ட சொல்லியிருக்கக்கூடாது லீடர்" என்றாள்.  ஆயா அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு போனாள்.

சாமான்களை எடுத்துப்போகக் கேப்டனின் மகள் வந்தாள். நடுத்தர வயது, அப்பாவின் உயரம். லீடரின் அறை வாசலில் வந்து நின்றபோது முகம் கடுகடுவென்று இருந்தது. அவளுக்கும் யாரோ ஏதோ சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதான் அவங்களா?"

"உள்ள வாம்மா."

வந்தாள். உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சண்டைக்கென்று வந்தவளுக்குச் சண்டை வரவில்லை.

"அப்பா கடைசியில சாப்பிடவே இல்லன்னு சொல்றாங்க. பிடிவாதமாம். அவரு அப்படி இல்லையே. சாப்பாட்ட வீணாக்கினா அவருக்குக் கோபம் வரும்." குரல் உடைந்தது. "இந்த ரூம்ல அவரு சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா. நல்லா சாப்பிட்டாரு."

"அப்ப மாடியில மட்டும் ஏன் சாப்பிடல?"

லீடர் அவளையே பார்த்தார். பாவமாக இருந்தது. சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்குமா, ஆயுளுக்கும் குத்திக்கொண்டிருக்குமா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் பெண்ணிடம்கூட வேண்டாம் என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

"அத அவருகிட்ட யாராவது கேட்டிருக்கணும்மா" என்றார்.

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். லீடர் அவள் தோளைத் தொடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ்வாரத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கலைந்துபோனார்கள்.

மகன் அடுத்த மாதம்தான் வந்தான், மருமகளோடு. மருமகள் பழங்களை நறுக்கிக் கொடுத்துவிட்டு, இருவரையும் தனியே விட வேண்டுமென்றோ என்னவோ, தோட்டத்தைப் பார்ப்பதாகச் சொல்லி வெளியே போனாள்.

"அவரு போயிட்டாராமே" என்றான் மகன்.

"ம்."

"நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

இல்லையப்பா என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை, நரை விழுந்துவிட்டது, டயர் மை போகாத விரல்களைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். "நீ என்னக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"கேட்டேனே. நீ சொல்லலையே."

"நான் என்ன செஞ்சேன்னு கேட்டே. எனக்கு என்ன வேணும்னு கேக்கல."

அவன் தலை குனிந்தான். பிறகு எழுந்து அலுவலக அறைக்குப் போனான். தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள், வேண்டுமானால் ஆபத்துக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரிப் பூட்டாகப் போடுங்கள், என் செலவிலேயே போடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தான். மேட்ரன் பொறுமையாகக் கேட்டார். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றார். பேசவும் பேசினார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மற்ற அறைகளின் தாழ்ப்பாள்களையும் அந்தக் கோடைக்குள் கழற்றினார்கள். அதே தச்சர்தான் வந்தார். ஒவ்வொரு கதவையும் தட்டி, எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றினார் என்று ஆயா சொன்னாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லையாம்.

லீடர் இப்போது கூடத்தில்தான் சாப்பிடுகிறார். தட்டை அறைக்கு எடுத்துப்போக இனி அனுமதி இல்லை. எதிரே இருப்பவர் சிந்தினால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அறையில் உடை மாற்ற வேண்டுமென்றால், சரியாகாத இடுப்போடு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, மூச்சும் வாங்குகிறது. இது ஆபத்து என்று மேட்ரனிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் ஆயா. அவள் இதுவரை சொல்லவில்லை. கதவு நகரவில்லையென்றால், கையில் இருக்கும் துணிமூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நாற்காலி திரும்ப இழுபடும் சத்தம் கேட்கும்வரை தாழ்வாரத்தில் நிற்கிறாள். சில நாள் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது.